தானாக உடைந்த கவ்வாத்துக் கத்திகள்

புதுக் கத்திக்குக் கைப்பிடி மாட்டி, அதை மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டு, அப்புறம் ஒன்றுமே செய்யாமல் வாரக்கணக்கில் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் கேட்டதாகப் பட்டறையிலிருந்து சொன்னார்கள். கடினத்தன்மை பார்த்தாயிற்று, வளைத்துப் பார்த்தாயிற்று, வெட்டிப் பார்த்தாயிற்று, இன்னும் என்ன என்று கேட்டீர்களாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தச் சோதனையை ஆரம்பித்து வைத்தவள் நான். ஓய்வு பெற்றுத் தானா ராத்தா டவுனில் வீட்டோடு உட்கார்ந்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

என் பெயர் இந்திராணி. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் உலோகச் சோதனை அறையில் பல வருஷம் இருந்துவிட்டு, இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பட்டறைக்கு வந்தேன். கத்தி, கத்தரி, மெஷின் அலகு எதுவானாலும் என் கையைத் தாண்டித்தான் மலைக்குப் போகும்.

தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிஷனை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். மதியத்துக்கு மேல் பனி இறங்கினால் முன்னால் நிற்கிறவரின் முதுகு தெரியாது. அங்கே சரிவு அதிகம், மெஷின் ஏறாது. அதனால் கவ்வாத்து இன்றைக்கும் கைவேலைதான். வயதான செடியை முழங்காலுக்குக் கீழே வெட்டி மறுபடி துளிர்க்கவிடுகிற வேலை. முழங்கை நீளத்துக்கு வளைந்த கத்தி. ஆள் கால்களை அகட்டி நின்று ஓங்கி இழுப்பார். வெட்டு முடிகிற இடத்தில் அவருடைய தொடை இருக்கும், அடுத்த வரிசையில் இன்னொருவர் குனிந்திருப்பார். அந்த நேரத்தில் அலகு கைப்பிடியை விட்டுப் பறந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

பழைய கத்திகள் சாதாரண எஃகு. நல்ல கத்திகள்தான், ஆனால் இந்த ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் பூசியதுபோல் துரு ஏறியிருக்கும். துருப்பிடித்த கத்தி கொம்பை வெட்டாது, பிய்த்துவிடும். பிய்ந்த இடத்தில் பூஞ்சை பிடித்துச் செடி செத்துப்போகும். அதனால் எங்கள் மேனேஜர், தோட்டத்தில் எல்லோரும் இன்னமும் துரை என்றே சொல்வார்கள், துருப்பிடிக்காத எஃகில் கத்தி வாங்கலாம் என்றார். ஈப்போவில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், பட்டறை முதலில் மாதிரிக் கத்திகள் அனுப்பியது. நான் சோதித்தேன். கடினம் நன்றாக இருந்தது. வைஸ் இடுக்கியில் பிடித்து வளைத்தால் வில் மாதிரி திரும்பி வந்தது. உப்புத் தண்ணீர் தெளித்து வைத்தும் துரு இல்லை. தேயிலைக் கட்டையில் நாள் முழுக்க வெட்டியும் கூர் மழுங்கவில்லை. சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

மொத்தச் சரக்கு லோரியில் வந்து இறங்கியபோது அதிலிருந்தும் சிலவற்றை எடுத்து அதே சோதனைகளைச் செய்தேன். எல்லாம் முன்போலவே இருந்தது, ஒரு வித்தியாசத்தைத் தவிர. மாதிரிக் கத்திகளைவிட இவை பளபளப்பாக இருந்தன. அதைக் குறை என்று யாராவது சொல்வார்களா? அலகின் வால் பகுதியில் ஒரு துளை இருக்கும். அதைக் கைப்பிடிக்குள் செருகி, துளை வழியாகக் கூம்பு ஆணி ஒன்றை இறுக்கி அடித்து, மேலே இரும்புப் பூண் போடுவோம். எங்கள் ஆட்கள் அத்தனைக்கும் கைப்பிடி மாட்டி மேல் டிவிஷன் ஸ்டோருக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே எல்லோரும் அவற்றை எவர்சில்வர் கத்தி என்றார்கள். ஒருவர் அலகில் முகம் பார்த்துத் தலை சீவினார்.

அந்த ஸ்டோரைப் பார்த்துக்கொண்டது லெட்சுமி. முப்பத்தைந்து வயசு இருக்கும். அவள் புருஷன் பழனி கவ்வாத்துக்காரர். சில வருஷங்களுக்கு முன் ஒரு மதியம் வேலை முடித்து எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கத்தியைச் செடியில் மாட்டிவைத்துவிட்டு வந்துவிட்டேன், எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பழனி மட்டும் திரும்பி ஏறினார். பனி இறங்கியது. அவர் இறங்கவில்லை. போலீஸ் தேடியது, காட்டை நன்றாக அறிந்த ஒராங் அஸ்லி பழங்குடி ஆட்கள் தேடினார்கள். செருப்புக்கூடக் கிடைக்கவில்லை. துரை பாவப்பட்டு லெட்சுமிக்கு ஸ்டோர் வேலையைக் கொடுத்தார். சாவி அவள் இடுப்பில்தான் இருக்கும்.

கத்திகள் மேலே போன அடுத்த நாள் காலை மண்டோர் கோவிந்தன் எனக்குப் போன் செய்தார். மேல் டிவிஷன் வேலையாட்களைப் பார்த்துக்கொள்பவர் அவர்.

"அக்கா, ஒரு கத்தி ஒடஞ்சிருச்சி."

"யாரு வெட்டுனா? கல்லுல பட்டுச்சா?"

"யாரும் வெட்டல லா. இன்னும் கையிலயே குடுக்கல. ஸ்டோருல செவுத்து ஆணில தொங்கிக்கிட்டு இருந்துச்சி. காலைல தொறந்தா பிடி தொங்குது, அலகு கீழ கெடக்குது."

போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கண்ணியில் கைப்பிடி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அலகு நேர் கீழே சிமென்டுத் தரையில் கிடந்தது. துளை இருந்த இடத்தில் குறுக்கே முறிந்திருந்தது. ஜன்னலுக்குக் கம்பி, கதவுக்குப் பூட்டு. அலகில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை. ஆயிரத்தில் ஒன்று இப்படி இருக்கும், எஃகில் எங்கேயாவது அழுக்குச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். உடைந்ததை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னும் ஆட்களிடம் கொடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் இன்னொன்று. அதற்கும் அடுத்து இரண்டு. எல்லாம் அதே இடத்தில் முறிந்திருந்தன. ஸ்டோர் பூட்டியிருக்கும்போதுதான் உடைந்தன.

இதற்குள் டிவிஷன் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பழனி கத்தி எடுக்கப் போன ஆள், கத்தி கிடைக்காமல் அலைகிறார், ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன்னுடையது இல்லை என்று உடைத்துப்போடுகிறார் என்றார்கள். வங்காளதேசத்திலிருந்து வந்த ஆட்களுக்குத் தமிழ் புரியாது, ஆனால் பேயைக் குறிக்கிற ஹந்து என்ற மலாய்ச் சொல் புரியும். அவர்களும் ஸ்டோர் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அந்த மதியம் ஸ்டோருக்குள் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். என்ன நடக்கிறது என்று என் கண்ணால் பார்த்துவிடுவது என்று எண்ணம். லெட்சுமி வாசல் பக்கம் உட்கார்ந்து கையுறைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பிக்கு வெளியே பனி வந்து நின்றது. அது உள்ளே வருவதும் இல்லை, போவதும் இல்லை. கத்திகள் வரிசையாகத் தொங்கின. காற்று இல்லை. ஒன்றுகூட அசையவில்லை. பளபளப்பான அலகுகளில் என் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். யாரோ நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கியதுபோல, ஒரே ஒரு தடவை.

எழுந்து ஒவ்வொரு கத்தியாகப் பார்த்தேன். எதுவும் விழவில்லை, எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் லெட்சுமி கையுறைகளை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னை இன்னும் கலக்கியது.

"கேட்டீங்களா?" என்றாள்.

"என்னம்மா அது?"

"அவருதான். பேரு சொல்லி என்னைய கூப்பிடவே மாட்டாரு. இப்பிடித்தான் நாக்க சொடுக்குவாரு. நான் 'இதோ வர்றேன்'னு சொல்லுவேன்."

மறுநாள் காலை, நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்கு நேர் மேலே தொங்கிய கத்தி கீழே கிடந்தது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம் வேலையில் சிக்கலே இங்கேதான் வரும்.

துரை என்னைக் கூப்பிட்டார். இளைஞர், நல்ல மனிதர், ஆனால் மழைக்கு முன் கவ்வாத்து முடிந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருந்தார். "அக்கா, நீங்கதான சோதிச்சு சரின்னு சொன்னீங்க? இப்பயும் சரின்னு சொல்லுங்க. ஆளுங்ககிட்ட நான் பேசிக்கறேன். இது பேயும் இல்ல பிசாசும் இல்ல, சோதிச்ச சாமான்னு சொல்லிடலாம்."

"ஒடஞ்சிருக்கே சார்."

"நாலஞ்சு ஒடஞ்சிருக்கு. மிச்சம்?"

நான் பட்டறைக்குப் போய் மிச்சத்திலிருந்து சிலவற்றை எடுத்து மறுபடி வளைத்தேன். வில்லாக வளைந்து திரும்பி வந்தன. சுத்தியால் அடித்தேன், தாங்கின. கடினமும் மாறவில்லை. என்னிடமிருந்த எல்லாச் சோதனையும் கத்தி நல்ல கத்தி என்றே சொன்னது. பூட்டிய அறை மட்டும் இல்லை என்றது.

திரும்பி வந்து, "எனக்குக் காரணம் தெரியல சார். தெரியற வரைக்கும் இந்தக் கத்தி மலைக்குப் போகக்கூடாது" என்றேன்.

"காரணம் தெரியலன்னா எத வச்சு நிறுத்தறது? மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது, ஹந்துன்னா?"

அதற்குள் மண்டோர் கோவிந்தன் வேறு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஸ்டோருக்குப் பக்கத்தில் இருக்கும் முனீஸ்வரர் கோயிலில் எல்லாக் கத்திகளையும் வைத்து ஒரு பூசை போட்டுவிட்டால் ஆட்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள். பழனியின் பெயரைச் சொல்லி ஒரு கத்தியைக் கோயிலிலேயே விட்டுவிடலாம். துரைக்கும் சம்மதம். பூசை முடிந்த கையோடு அன்றைக்கே கவ்வாத்து என்று முடிவாயிற்று.

பேய் என்று நம்பியவர்களும், பேய் இல்லை என்று சொன்னவர்களும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். கத்தி வெளியே போகும். ஊரே சமாதானமாகிவிட்ட பிறகு நான் ஒருத்தி மட்டும் காரணம் சொல்லத் தெரியாமல் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது. முந்தின நாள் கோவிந்தன் வீட்டுக்கே போய், பூசை போடுங்கள், ஆனால் வெட்டப் பழைய கத்தியையே கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"பழசு எல்லாத்தையும் சாணை புடிக்க டவுனுக்கு அனுப்பியாச்சு அக்கா. துரை சொல்லிட்டாரு. நான் என்னா பண்றது?" என்றார்.

பூசை நாள் காலையிலேயே பனி இறங்கிவிட்டது. பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து சாமந்தி வந்திருந்தது. முனீஸ்வரர் முன்னால் வாழை இலைகளை நீளமாக விரித்து, கத்திகளை வரிசையாகப் படுக்கவைத்து, ஒவ்வொரு அலகிலும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். பின்வரிசையில் நின்றவர்களைப் பனி மறைத்துவிட்டது. இருமல் சத்தம் மட்டும் வந்தது. நான் கத்திகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். பூசாரி சூடம் ஏற்றிச் சுற்ற ஆரம்பித்தார். மணிச் சத்தம் நின்றது. எல்லோரும் கை குவித்து அமைதியாக இருந்த அந்த இடைவெளியில், நாக்கைச் சொடுக்கியதுபோல அந்தச் சத்தம்.

நடு இலையில் கிடந்த ஒரு கத்தியின் அலகு, அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைப்பிடியிலிருந்து விலகித் துள்ளி விழுந்தது. குங்குமப் பொட்டு மேலே தெரிய, இலையில் அரைவட்டம் போட்டு நின்றது.

பூசாரியின் கையிலிருந்து தட்டு விழுந்துவிட்டது. யாரோ ஒருவர் அலறினார். பின்னால் ஓடுகிற காலடிச் சத்தம். கொஞ்ச நேரத்தில் எங்களைச் சுற்றிப் பனி மட்டும்தான் நின்றது. துரை, கோவிந்தன், பூசாரி, நான். அப்புறம் லெட்சுமி. அவள் ஓடவில்லை. கூட்டம் விலகிய இடத்தில் மெல்ல முன்னால் வந்து, இலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் கேட்பதுபோல மிகச் சாதாரணமாகக் கேட்டாள். "இவ்வளவு நாளா எங்க போயிருந்தீங்க?"

கோவிந்தன் வாயைப் பொத்திக்கொண்டார். துரையின் முகம் வெளிறிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கும் ஓட வேண்டும்போலத்தான் இருந்தது. ஆனால் என் கண் அந்த முறிவின்மேல் இருந்தது. இதுவரை நான் பார்த்ததெல்லாம் பல மணி நேரம் பழசான முறிவுகள். இது இப்போதுதான் திறந்தது. குனிந்து பார்த்தேன். சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி மணி மணியாக மின்னியது. துளையின் ஓரத்தில் ஆரம்பித்து வெளியே பரவியிருந்தது. வளைந்து உடைந்த எஃகு இப்படி இருக்காது. இதை யாரும் வளைக்கவில்லை. எது இழுத்தது?

ஆணி. துளைக்குள் நாங்களே இறுக்கி அடித்த கூம்பு ஆணி.

கத்தி சும்மா கிடக்கிறது என்று நாம்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். பூட்டிய அறையிலும் வாழை இலையிலும் அந்த ஆணி துளையை விரித்துக்கொண்டே இருந்தது. நான் பட்டறையில் வளைத்தது ஒரு நொடி. ஆணி நாள் முழுக்க, ராத்திரி முழுக்க, கொஞ்சமும் விடாமல் இழுக்கிறது. வேகமாக வந்து போகும் பலத்தைத் தாங்குகிற இந்த எஃகு, நிற்காத பலத்தைத் தாங்கவில்லை. ஏன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

"சுத்தி குடுங்க" என்றேன். யாரும் அசையவில்லை. நானே ஸ்டோருக்குள் போய்ச் சுத்தியையும் துளைக்கம்பியையும் எடுத்து வந்து, சாமி முன்னாலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியாகப் பூணைக் கழற்றி ஆணியைத் தட்டி எடுக்க ஆரம்பித்தேன். பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாமிக்கு வச்சத இப்பிடி பிரிக்கலாமா? என்னா பண்ற நீ?"

"சாமி மன்னிச்சுக்கும் அய்யா. ஒருத்தன் கால் போனா யார் மன்னிக்கறது?"

துரை என்னைத் தடுப்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்து, கத்திகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். பாதி வேலையில் இன்னொரு கத்தி எங்கள் கைக்குப் பக்கத்திலேயே சொடுக்கியது. வேகமாகத் தட்டினேன். கடைசி ஆணி வெளியே வந்ததும் அந்தச் சத்தம் நின்றது. அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் ஈப்போவுக்கு இறங்கி அந்தத் தவுக்கேயைப் பார்த்தேன். கத்தி தானாக உடைந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. மாதிரிக் கத்திகளைச் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றினாராம். மொத்தச் சரக்குக்கு நேரம் இல்லாததால் கெட்டிப்படுத்திய அலகுகளை அமிலத் தொட்டியில் முக்கி எடுத்துப் பளபளப்பாக்கியிருக்கிறார். அவ்வளவுதான். அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான எஃகுக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கத்திக்கு வேண்டிய அளவு கெட்டியான எஃகில், இழுவிசை நிற்காமல் இருக்கிற இடத்துக்கு அது ஊர்ந்து போய்ச் சேர்ந்து, உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விரிசலைத் திறக்கும். அமிலத்திலிருந்து எடுத்தவுடன் அடுப்பில் இதமான சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்தால் வெளியேறியிருக்கும். அதைச் செய்யவில்லை. உடைந்த துண்டுகளைப் பார்த்த ஈப்போ ஆய்வகமும் அதையே சொன்னது. எஃகின் மேல் தப்பில்லை. அதே எஃகில், அமிலம் தொடாமல் செய்த கத்திகள்தான் இன்றைக்கு உங்கள் மலையில் வெட்டுகின்றன.

மரப்பெட்டிக்குள் நீங்கள் தொங்கவிடுகிற கத்தி சும்மா இருப்பதாக நினைக்காதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். காரணம் கண்டுபிடித்த கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். காரணம் தெரிவதற்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உங்களுக்கும் அந்த நாள் வரும். கையில் ஒரு ஆதாரமும் இருக்காது.

ஆனால் இதோடு நான் நிறுத்திக்கொண்டால் முழுதாகச் சொன்னதாக ஆகாது.

ஈப்போவிலிருந்து திரும்பியதும் எல்லோரையும் கூட்டி விளக்கினேன். ஆட்களுக்கு நிம்மதி. சிரித்துக்கூடப் பேசினார்கள். லெட்சுமி மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. ஸ்டோருக்குப் போய் அவளிடம் தனியாகச் சொன்னேன். ஆணி, அமிலம், விரிசல் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"விரிசல் திறக்கற சத்தம்மா."

"உள்ள யாரும் இல்ல?"

"யாரும் இல்ல."

சுவரில் காலியாக இருந்த ஆணிகளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் யாருகூட பேசிக்கிட்டு இருந்தேன் அக்கா?"

எஃகைப் பற்றி எனக்குத் தெரிந்த எதுவும் அங்கே உதவவில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அந்தப் பழுதான சரக்கையெல்லாம் வெட்டி உருக்குவதற்கு அனுப்பும் சமயத்தில், ஒரு அலகு தனக்கு வேண்டும் என்று வந்து நின்றாள். கோயிலில் விடுவதாகச் சொன்னார்களே, அந்தக் கத்தி. கொடுக்கக் கூடாதுதான். ஆனால் மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அலகின் கூர்மையை முழுவதும் தேய்த்து மழுக்கினேன். கைப்பிடி இல்லை, ஆணி இல்லை. பட்டறை அடுப்பில் ஒரு பகலும் ஒரு இரவும் சூட்டில் வைத்து, உள்ளே இருந்த ஹைட்ரஜனை வெளியேற்றினேன். சாயம் பூசி விரிசல் இருக்கிறதா என்று முழு அலகையும் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட இல்லை. துரையிடம் சொல்லி, துணியில் சுற்றிக் கொடுத்தேன். இனி அது கத்தி இல்லை, வெறும் தகடு. அது உடைய எந்தக் காரணமும் மிச்சமில்லை.

மழைக்காலம் போய், கவ்வாத்து போட்ட செடிகள் துளிர்த்து, துளிரைச் சமமாக நறுக்கி மட்டம் கட்டி, மறுபடி கொழுந்து எடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மதியம் லெட்சுமி பட்டறைக்கு வந்தாள். பிரிஞ்சாங் வழியாக பஸ் பிடித்து இறங்கியிருக்கிறாள், தலைமுடியில் ஈரம் இருந்தது. மேசைமேல் துணியைப் பிரித்தாள். அலகு இரண்டாகக் கிடந்தது. துளை இருந்த இடத்தில்.

"கீழ போட்டியா?"

"இல்ல."

"யாராவது எடுத்தாங்களா? வெயில்ல, அடுப்புகிட்ட, எங்கயாவது வச்சியா?"

"அலமாரிலதான் இருந்துச்சி. நான் சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன். பின்னால கூப்பிட்டாரு. எப்பவும் மாதிரி. நான் 'இதோ வர்றேன்'னு சொல்லிட்டேன், பழக்கம்தான. சொல்லிட்டு திரும்பி பாத்தேன். அப்புறந்தான் அலமாரிய தொறந்தேன்."

வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பழைய விரிசல் உள்ளே ஒளிந்திருந்தால் அந்தப் பகுதி மங்கிக் கறுத்திருக்கும். இதில் முறிவு ஓரம்விட்டு ஓரம் ஒரே மாதிரிப் புதிதாக மின்னியது. அடிபட்ட தடம் இல்லை. எதுவும் அதை இழுத்துக்கொண்டிருக்கவில்லை. நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்த சோதனைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தாள். வெளியே பனி இறங்கி, பட்டறை முற்றத்தில் நின்ற லோரிகள் மறைந்துபோயிருந்தன.

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். எஃகுக்குள் எங்கேயோ தேங்கி நின்ற அழுத்தம் என்றால் அவள் நம்பியிருப்பாள். நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

"அக்கா, இது ஏன் ஒடஞ்சிச்சு?"

"தெரியலம்மா."

"நெசமா தெரியலயா? இல்ல எனக்காக சொல்றீங்களா?"

"நெசமா தெரியல லெட்சுமி."

அவள் தலையசைத்தாள். இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து, துணியின் நான்கு முனைகளையும் மடித்துக் கட்டினாள். இனி அவர் வர மாட்டார் என்று அத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் பிடி கொடுக்காமல் இருந்தவள், எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப சரி," என்றாள். "போயிட்டேன்னு சொல்லத்தான் வந்திருக்காரு. நாள் பாத்துட்டு சொல்றேன் அக்கா. அவரு கருமாதிக்கு நீங்க கண்டிப்பா வரணும்."